அனுமதியும் அலைவரிசையும்: வன்னிக் காட்டில் கள ஆய்வு

முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் இடமொன்றுக்குள் எவர் போனாலும் முதலில் தறப்பாள் போட்ட கொட்டில் ஒன்றில் நிறுத்துவார்கள். பதிவேட்டில் பெயரும் வந்த நேரமும் எழுத வேண்டும். பக்கத்திலேயே இரத்த வகைக்கு ஒரு நிரல் இருக்கும். பிறகு பெரிய வரைபடம் ஒன்றைக் காட்டி விளக்குவார்கள்: எந்தத் துண்டில் வெடி எடுத்து முடிந்தது, எந்தத் துண்டில் இன்னும் கால் வைக்கக்கூடாது, ஏதும் நடந்தால் எந்தப் பாதையால் வெளியேறுவது. நோயாளர் காவு வண்டி வீதியைப் பார்த்தபடி நிற்கும். மருத்துவ உதவியாளர் அவ்விடத்திலேயே இருப்பார். தளத்தோடு வோக்கியில் பேசி, மறுமுனையில் பதில் வந்த பிறகுதான் அன்றைய வேலை தொடங்கும். தொடர்பு இல்லாவிட்டால் வேலையும் இல்லை.

வட துருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு ஆய்வுக்குப் போகிறவர்களும் ஏறக்குறைய இதே ஒழுங்கைக் கடந்துதான் பனிக்குள் இறங்குகிறார்கள். குடியிருப்புகளை விட்டு வெகுதூரம் போவதானால் நோர்வே அரசின் ஆளுநர் பணிமனைக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். தேடி மீட்கும் செலவுக்குக் காப்புறுதியோ வங்கி உத்தரவாதமோ காட்ட வேண்டும். பனிக்கரடிக்காகத் துப்பாக்கி, ஆபத்துக்கு உதவும் அவசரச் சமிக்ஞைக் கருவி, நாள்தோறும் தளத்தோடு பேசும் நேரம் எல்லாம் புறப்படும் முன்பே எழுத்தில் இருக்கும். அங்கே பனிக்கரடியும் பனிப்பிளவும். இங்கே மிதிவெடி, யானை, புடையன் பாம்பு.

ஒரு கேள்விக்கு அறிவியல் விடை கிடைக்குமா என்பதை ஆய்வுகூடம் தீர்மானிக்கும் முன்பே இரண்டு விடயங்கள் தீர்மானித்துவிடுகின்றன: அந்த இடத்துக்குப் போக விடுவார்களா, போனால் வெளியே பேச முடியுமா. வன்னியின் காடு, குளம், மண் பற்றி நமக்குத் தெரிந்தவற்றின் எல்லைக்கோட்டைப் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் வரைந்திருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் நம் பாடத்திட்டங்களில் இவை அலுவலக வேலையாக ஒதுக்கப்படுகின்றன. அறிவியலின் பகுதியாகச் சொல்லிக் கொடுப்பவர் அரிது.

மிதிவெடியிலிருந்தே தொடங்கலாம். 2000ஆம் ஆண்டில் ஆனையிறவு வீழ்ந்ததிலிருந்து 2009 தொடக்கம் வரை முகமாலை போர் முன்னரங்காக இருந்தது. இரு தரப்பும் புதைத்த வெடிகள் அங்கே வரிசை வரிசையாகக் கிடந்தன. இராணுவம் பயன்படுத்திய பி4 வகை மிதிவெடி உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்ரிக் வில்லை. அதில் உலோகம் மிகச் சொற்பம். புலிகள் தயாரித்த ஜொனி மிதிவெடிக்கோ மரப்பெட்டி. உலோகம் காட்டும் கருவியை அந்த மண்ணின் மேல் பிடித்தால், இறைந்து கிடக்கும் சன்னங்களுக்கும் குண்டுச் சிதறல்களுக்கும் அது ஓயாமல் கத்தும், உண்மையான வெடியைத் தவறவிடவும் கூடும். ஆகவே பல இடங்களில் நீண்ட பற்களுள்ள வாரியால் மண்ணைப் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி இழுக்கிறார்கள். மிதிவெடி மேலிருந்து அழுத்தினால்தான் வெடிக்கும். பக்கத்திலிருந்து மெல்ல வெளிப்படுத்தினால் அநேகமாக அமைதியாகவே கிடக்கும். அந்த வெயிலில், கனத்த கவசமும் முகமூடியும் அணிந்து முழங்காலில் இருந்து இந்த வேலையைச் செய்கிறவர்களில் பெண்கள் பலர். அவர்களில் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்களும் உண்டு.

ஹலோ ட்ரஸ்ட், மாக் ஆகிய வெடி அகற்றும் வெளிநாட்டு நிறுவனங்கள் 2002இல் இங்கு வந்தன. டாஷ், ஷார்ப் என்ற உள்நாட்டு நிறுவனங்களும் பின்னர் சேர்ந்தன. 2010இல் தேசிய கண்ணிவெடிச் செயற்பாட்டு நிலையம் உருவானது. 2017 டிசம்பர் 13ஆம் திகதி, மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது. அதன்படி, அது இலங்கைக்கு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து மிதிவெடிகளை முற்றாக அகற்றப் பத்து ஆண்டுத் தவணை. அந்தத் தவணையின் கடைசி நாள் 2028 யூன் 1.

ஆய்வாளருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு காட்டில் எத்தனை வீரை, எத்தனை பாலை, எத்தனை முதிரை என்று கணிப்பதற்குப் பெயர்பெற்ற முறை, வரைபடத்தில் குருட்டாம்போக்காகப் புள்ளிகள் போட்டு ஒவ்வொரு புள்ளிக்கும் நடந்து போவது. புள்ளி எங்கே விழுந்தாலும் அங்கே போயே ஆக வேண்டும் என்பதுதான் அந்த முறையின் உயிர். மிதிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகைக்கு அப்பால் விழுந்த புள்ளியைக் கைவிட்டு வீதியோரமாக வேறொன்றை எடுத்தால், கணக்கு சரியாக இருக்கும், காடு பிழையாக இருக்கும். வீதியோரக் காட்டில் விறகு வெட்டும் நடக்கும், மாடும் மேயும். உட்காட்டின் கதை வேறு. கிணற்றுநீர் ஆய்வுக்கும், மண்ணின் உப்புத்தன்மை ஆய்வுக்கும், யானைத் தடங்களைக் கணிப்பதற்கும் இதே சிக்கல் உண்டு.

இனித் தொடர்புக்கு வருவோம். வன்னி தட்டையான நிலம். மலை இல்லாதது உழவுக்கு நல்லது, வானொலி அலைக்குக் கெடுதல். வோக்கி பயன்படுத்தும் மிக உயர் அதிர்வெண் அலைகள் நேர்கோட்டில் போகின்றன. பூமி வளைந்திருப்பதால் ஓரிடத்துக்குமேல் அவை நிலத்தை விட்டு மேலே போய்விடும். அந்த எல்லையைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு: அன்ரனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீற்றரில் விடை வரும். நின்றபடி வோக்கியை வாயருகே பிடிப்பவரின் அன்ரனா தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கும். அவரது எல்லை 5 கிலோமீற்றர். இருவர் திறந்த வெளியில் நின்றால் இடையே 10 கிலோமீற்றர் வரை பேசலாம். ஒருவரின் பக்கம் 30 மீற்றர் கம்பம் இருந்தால் அது 27 கிலோமீற்றருக்கு மேல் போகும். காட்டுக்குள் இந்தக் கணக்கெல்லாம் சுருங்கும். இலையிலுள்ள நீர் அலையை உறிஞ்சும், கிளைகள் சிதறடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து நிற்கும் காட்டில் ஓரிரு கிலோமீற்றரே கிடைத்தாலும் பெரிய காரியம்.

ஊர்ச் சனம் இதற்கு வழி கண்டிருக்கிறது. கவறேஜ் வேண்டுமென்றால் குளக்கட்டுக்கு ஏறு என்பார்கள். பௌதிகமும் அதையே சொல்கிறது. கட்டு உயர்ந்திருப்பதோடு, ஒரு பக்கம் முழுவதும் மரமற்ற நீர்ப்பரப்பு. இரணைமடுக் கட்டில் நின்று கைப்பேசியை உயர்த்திப் பிடிப்பவர் வானொலிப் பொறியியலாளர் செய்யும் வேலையைத்தான் செய்கிறார்.

தூரத்துக்குப் பேச வேறொரு வழியும் உண்டு. போர்க்காலத்தில் ஐ.நா. நிறுவன வாகனங்களின் முன்பக்கத்தில் வில்லாக வளைத்துக் கட்டிய நீண்ட அன்ரனாவை வன்னியில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது சிற்றலை வானொலிக்கானது. சிற்றலை மேலே போய், பூமியிலிருந்து நூறு முதல் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் சூரியக் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற வளிமண்டலப் படையில் வளைந்து கீழே திரும்பும். 3 முதல் 8 மெகாஹேட்ஸ் வரையான அலையை நேரே மேல்நோக்கி அனுப்பினால், அது சுற்றிவர முந்நூறு, நானூறு கிலோமீற்றருக்குக் குடைபோலக் கவிந்து விழும். காடும் கட்டடமும் அதற்குத் தடையில்லை. கோபுரம் வேண்டாம், செய்மதியும் வேண்டாம்.

இந்த மின்படையில்தான் வன்னிக்கும் துருவத்துக்கும் உள்ள வியப்பான உறவு இருக்கிறது. உலகில் வானொலித் தொடர்புக்குத் தொல்லை தரும் வலயங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று துருவங்களைச் சுற்றி. சூரியனிலிருந்து வேகமாக வரும் புரோத்தன்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களின் மேல் இறக்கிவிடும்போது, அங்கே சிற்றலை நாட்கணக்கில் செத்துக் கிடக்கும். மற்றது பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி. அந்தக் கோடு தென்னிந்தியாவின் முனைக்கும் இலங்கையின் வடபகுதிக்கும் அருகாகச் செல்கிறது. 1963 நவம்பர் 21ஆம் திகதி இந்தியா தன் மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவ திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்ததற்குக் காரணமும் இந்தக் கோடுதான்.

காந்த நடுக்கோட்டுப் பகுதியில் பொழுது பட்ட பிறகு, மின்படையின் அடிப்பகுதி வேகமாக வலுவிழக்கும்போது, மின்னேற்றம் குறைந்த பெரும் குமிழிகள் உருவாகி மேலே எழுகின்றன. செய்மதியிலிருந்து வரும் சமிக்ஞை அவற்றினூடே வரும்போது மினுங்கத் தொடங்கும். நட்சத்திரம் மின்னுவதற்குக் காற்றின் கொந்தளிப்பு காரணம் என்றால், இதற்கு மின்படையின் கொந்தளிப்பு காரணம். சூரியச் செயற்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், பங்குனி, சித்திரை, புரட்டாதி, ஐப்பசி மாதங்களில், இருட்டியதிலிருந்து நள்ளிரவு வரை இது கூடுதலாக நடக்கும். அந்த நேரத்தில் ஜிபிஎஸ் கருவி இடம் தடுமாறலாம், செய்மதித் தொலைபேசி இடையில் அறுந்துபோகலாம். சூரியன் இப்படியொரு உச்சக் கட்டத்தை அடைந்திருப்பதாக 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது. எனவே காட்டில் இரவுத் தவளைக் கணிப்புக்குப் போகும் மாணவர், மாலை ஏழு மணிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை என்றால் கருவியைக் குறை சொல்லும் முன் வானத்தையும் நினைத்துப் பார்க்கலாம். தளத்தோடு பேசும் நேரத்தைப் பொழுது படுமுன் வைப்பது இன்னும் நல்லது.

செய்மதி விடயத்தில் வன்னி கொடுத்துவைத்த இடம். புவிநிலைச் செய்மதிகள் நடுக்கோட்டின் மேல் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கின்றன. கிளிநொச்சியின் நெட்டாங்கிலேயே அப்படியொன்று நின்றால், இங்கிருந்து பார்க்க ஏறக்குறைய 79 பாகை உயரத்தில், உச்சிக்குப் பக்கத்தில் தெரியும். ஸ்வால்பார்ட்டில் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 யூலை 1 முதல் இயங்கும் நி-ஒலெசுண்ட் குடியிருப்பிலிருந்து பார்த்தால், அங்கே தென்திசையில் நிற்கும் செய்மதிகூட அடிவானத்துக்கு இரண்டரைப் பாகைக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கும். ஒரு சிறு மலை போதும் மறைக்க. 81 பாகை அகலாங்கைத் தாண்டினால் அது அடியோடு மறைந்துவிடும். ஆகவே துருவ ஆய்வாளர் நம்புவது இரிடியம் செய்மதிகளை. 66 செய்மதிகள் ஏறக்குறைய 780 கிலோமீற்றர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் ஓடுகின்றன. அவற்றின் பாதைகள் துருவங்களின் மேல் நெருங்கி வருவதால், மனித நடமாட்டம் மிகக் குறைந்த இடத்தில் அவை மிக அடர்த்தியாகத் தெரியும்.

ஆனால் செய்மதித் தொலைபேசியை வாங்கிப் பையில் போட்டால் முடிந்துவிடாது. இலங்கையில் வானொலிக் கருவிகளை வைத்திருக்கவும் பயன்படுத்தவும் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். இந்தியாவில் இன்னும் இறுக்கம்: அனுமதியின்றி இரிடியம், துரையா தொலைபேசிகளோடு வந்திறங்கிய வெளிநாட்டுப் பயணிகள் கைதானதுண்டு. 2025 யூலையில் ஸ்டார்லிங்க் சேவை இலங்கையில் தொடங்கிய பிறகு நிலைமை கொஞ்சம் இலகுவாகியிருக்கிறது. இருந்தாலும் அதன் தட்டைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடக்க முடியாது. மேலே திறந்த வானமும் வேண்டும்.

உயிருக்கு ஆபத்து என்றால் வேறொரு கருவி உண்டு. 406 மெகாஹேட்ஸில் ஒலிக்கும் அவசரச் சமிக்ஞைக் கருவி. 1979இல் கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் நான்கும் சேர்ந்து தொடங்கிய கொஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாடு அதைக் கேட்கிறது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில், தேடி மீட்பதில் மட்டும் இரு முகாம்களும் கைகோத்தன என்பது நினைவில் வைக்கத்தக்கது. முல்லைத்தீவுக் கடலில் ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்தினால், செய்தி செய்மதி வழியாகப் பெங்களூர் நிலையத்துக்குப் போய் அங்கிருந்து இலங்கை அதிகாரிகளுக்கு வரும். நிலத்தில், 1990 என்ற எண்ணில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடக்குக்கு வந்தது. அது வர வேண்டுமென்றால் அழைப்பவரிடம் சிக்னலும், தான் நிற்கும் இடத்தைச் சொல்லும் அறிவும் இருக்க வேண்டும். பாம்பு கடித்த ஒருவருக்கு அருகில் நின்று, "குளத்துக்கு அங்கால, பெரிய பாலைமரத்தடி" என்று சொல்வதற்கும், அகலாங்கையும் நெட்டாங்கையும் வாசித்துச் சொல்வதற்கும் இடையில் ஓர் உயிர் நிற்கலாம்.

பேசாமல் இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. வெடிகளை அழிக்க மின்சாரத் தூண்டியைப் பயன்படுத்தும்போது, அதன் நீண்ட வயர்கள் அன்ரனாவாக வேலை செய்துவிடும். பக்கத்தில் ஒருவர் வோக்கியையோ கைப்பேசியையோ இயக்கினால், வயரில் தூண்டப்படும் சிறு மின்னோட்டமே தூண்டியை வெடிக்க வைக்கக்கூடும். அதனால் குறிப்பிட்ட தூரத்துக்குள் எல்லாக் கருவிகளையும் அணைத்துவைப்பார்கள். நி-ஒலெசுண்டிலும் இப்படியொரு மௌனம் உண்டு, காரணம் வேறு. அங்குள்ள புவியளவை நிலையத்தின் அன்ரனாக்கள் பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள குவாசார்களின் வானொலி இரைச்சலைக் கேட்டு, பூமியின் சுழற்சியையும் கண்டங்களின் நகர்வையும் மில்லிமீற்றர் கணக்கில் அளக்கின்றன. அவ்வளவு மெல்லிய ஒலிக்குப் பக்கத்தில் வைஃபையும் புளூடூத்தும் பெரும் கூச்சல். ஆகவே சுற்றிலும் 20 கிலோமீற்றருக்கு 2 முதல் 32 கிகாஹேட்ஸ் வரை ஒலிபரப்பத் தடை. கருவியொன்றைக் கொண்டுபோக வேண்டுமென்றால் அதற்கும் அனுமதி பெற வேண்டும்.

வன்னியின் பக்கத்து மன்னாரையும் ஆர்க்டிக்கையும் ஒரு பறவையே இணைத்திருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகப் பறவையியலாளர் சம்பத் செனவிரத்னவின் குழு 2021இல் மன்னாரில் ஹியூக்ளின் கடற்காகங்களுக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்தியது. அவற்றுள் மேகா என்று பெயரிட்ட ஒன்று ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை பறந்தது. கைப்பேசி வலையமைப்பை நம்பும் இத்தகைய கருவிகள், கோபுரம் இல்லாத இடங்களில் தரவைத் தம்முள் சேமித்துவைத்து, கோபுரமொன்றின் எல்லைக்குள் வந்ததும் அனுப்பிவிடும். பறவைக்கு விசா வேண்டாம். அதைப் பிடித்துக் கருவி பொருத்தும் மனிதருக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

அனுமதி என்ற சொல் வன்னியில் கனமானது. பாஸ் இல்லாமல் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாத காலத்தைக் கடந்தவர்கள் நாங்கள். 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. போர் முடிந்த பிறகும், 2014 ஒக்டோபரில் வெளிநாட்டவர் வடக்கே வரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி மீண்டும் கட்டாயமாக்கப்பட்டு, 2015 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது. அந்தச் சில மாதங்களில் களப்பணிக்கு நாள் குறித்திருந்த ஆய்வாளருக்கு ஒரு மாரிகாலமே போய்விடும். வலசைப் பறவைக் கணிப்பில் ஒரு மாரி போனால், அந்த ஆண்டுக்கான எண் என்றைக்கும் கிடைக்காது.

இன்றைய அனுமதிகள் வேறு வகை. 2015 யூனில் தேசிய பூங்காவான சுண்டிக்குளத்தில் பூநாரைகளைக் கணிக்க வேண்டுமானால், 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒதுக்கக் காடு என்றால் வனத் திணைக்களம். மண்ணைத் தோண்டி அதில் பழைய ஓடு தட்டுப்பட்டால் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் வரும். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை. இவற்றோடு பிரதேச செயலகம், கிராம அலுவலர், அருகே முகாம் இருந்தால் அதுவும். இந்தச் சட்டங்கள் தேவையானவை. ஆய்வு என்ற பெயரில் உயிரினங்களை அள்ளிக்கொண்டு போன வரலாறு நம் நாட்டுக்கும் உண்டு. என் மனக்குறை, இவை ஒன்றோடொன்று பேசுவதில்லை என்பதே. ஸ்வால்பார்ட்டில் ஆய்வுத் திட்டங்களுக்கென ஒரே இணையப் பதிவேடு இருக்கிறது. திட்டத்தைப் பதிந்து, ஆளுநருக்கான விண்ணப்பத்தையும் அதன் வழியாகவே அனுப்பலாம். யார், எங்கே, எதை ஆய்கிறார் என்பதை எவரும் பார்க்கலாம். ஒரே குளத்து நீரை மூன்று குழுக்கள் தெரியாமல் மூன்று முறை ஆய்வதும், பக்கத்துக் குளத்தை ஒருவரும் தொடாததும் அங்கே இலகுவில் நடக்காது.

கனடாவின் நுனாவுட் இன்னொரு படி மேலே போயிருக்கிறது. அங்கே ஆய்வு உரிமம் கேட்டால், அந்த நிலத்தில் வாழும் இனுயிட் மக்களின் சம்மதம் பற்றிய கேள்வி வரும். ஆய்வு தங்கள் தேவைக்கும் பயன்பட வேண்டும், தரவில் தங்களுக்கும் உரிமை வேண்டும் என்று இனுயிட் மக்களின் தேசிய அமைப்பு 2018இல் ஆய்வுக்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது. வன்னியில் பலமுறை இடம்பெயர்ந்து, பல படிவங்கள் நிரப்பி, பலருக்குப் பேட்டி கொடுத்துக் களைத்த மக்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. கிணற்றில் நீர் எடுத்துப்போன ஆய்வாளர் அந்த நீரைக் குடிக்கலாமா என்று வந்து சொல்லாவிட்டால், அடுத்தவருக்கு அந்த வீட்டுப் படலை திறக்காது. திறக்காதது நியாயமும்கூட.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. 2021 ஓகஸ்டில் வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகம் கிடைத்தது. வன்னிக்கான பொதுப் பதிவேடு ஒன்றைத் தொடங்க இவர்கள் பத்தரமுல்லையிலுள்ள திணைக்களத் தலைமையகங்களை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. களத்துக்குப் போகும் ஒவ்வொரு குழுவும் ஒரு தாளில் எழுதட்டும்: எங்கே, எத்தனை பேர், யாருடைய அனுமதி, எந்த நேரத்தில் தளத்தோடு பேசுவது, பேச்சு வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுத்து யாருக்குச் சொல்வது, வெடி அகற்றிய வரைபடம் எந்தத் திகதியது. ஒரு பிரதி பல்கலைக்கழகத்தில், ஒன்று கிராம அலுவலரிடம். முடிவுகள் தமிழில் அதே கிராம அலுவலரின் கைக்குத் திரும்ப வேண்டும் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

இதற்கு அவசரமும் இருக்கிறது. வெடி புதைந்த நிலங்களில் பல ஆண்டுகளாகக் கோடரியும் கலப்பையும் படவில்லை. அங்கே என்ன முளைத்து வளர்ந்திருக்கிறது என்பதற்குப் பதிவு மிகக் குறைவு. வெடி எடுக்கும் வேலை பற்றைகளை வெட்டுவதில்தான் தொடங்கும். எடுத்து முடித்ததும் நிலம் உரியவருக்குப் போகும், போகவும் வேண்டும். அந்த மக்கள் காத்திருந்தது போதும். பற்றை வெட்டும் முன்பே, குறித்த எல்லைக்கு வெளியே நின்று ட்ரோனால் படம் எடுத்துவைத்தால், கைவிடப்பட்ட உலர்வலயக் காணியில் காடு எப்படித் திரும்புகிறது என்பதற்கு வேறெங்கும் கிடைக்காத சான்று கிடைக்கும். அதற்கு விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதியும், அகற்றும் நிறுவனத்தின் சம்மதமும், ட்ரோனின் வானொலித் தொடர்பு வெடித் தூண்டிகளுக்குப் பாதுகாப்பான தூரத்தில் இருக்கும் என்ற உறுதியும் வேண்டும். 2028 யூன் 1க்குள் பயன்பட வேண்டுமென்றால், விண்ணப்பங்கள் இந்த மாரிக்கு முன்னரே போயாக வேண்டும்.